இரவல் டிராக்டரும் ஒரு பொட்டலம் மான்கறியும்

கியர்பெட்டியின் மூடியை ஆர்லன் நெம்பித் தூக்கியதும், உள்ளே பேரிங்கில் இருந்த இரும்பு ஊசிகள் கலகலவென்று சமையலறைத் தரையெங்கும் சிதறி ஓடின. பாதி அடுப்புக்கு அடியில் போயின. ஒன்று பூனையின் பால் கிண்ணத்தில் விழுந்தது.

"அசையாதே!" என்று கத்தினார் ஆர்லன்.

துணிக்கூடையோடு வந்த அவர் மனைவி மார்லிஸ், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இது என் சமையலறை, ஆர்லன்."

"கராஜ்ல கை விறைச்சுப் போகுது. குளிர்ல நிக்காதேன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"கனமா எதையும் தூக்காதேன்னும்தான் சொன்னாரு. அது மட்டும் காதுல விழலையாக்கும்?"

"தூக்கலையே. பேரனோட பனிச்சறுக்குப் பலகையில வெச்சு இழுத்துட்டு வந்தேன்."

மார்லிஸ் காலைப் பார்த்து வைத்தாள். சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கும் மேசைவிரிப்பின் மேல், எண்ணெய் வடியும் கியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பேசாம எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிடு. வண்டி உடைஞ்சு போச்சு விர்ஜில், மன்னிச்சுக்கோன்னு. ரெண்டு வார்த்தை."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அதுதான் விஷயம். அந்தத் தோட்ட டிராக்டர் ஆர்லனுடையது அல்ல, எதிர்வீட்டு விர்ஜிலுடையது. இருவரும் சேர்ந்து போய் ஒரே மாதிரி வாங்கிய இரண்டு மஞ்சள் டிராக்டர்கள். உபகரணங்களைப் பாதிப்பாதி பிரித்துக்கொண்டார்கள். பனி தள்ளும் பலகை ஆர்லனின் வண்டிக்கு, மண் கிளறும் கருவி விர்ஜிலின் வண்டிக்கு. தேவைப்பட்டபோது வண்டியோடு மாற்றிக்கொள்வார்கள். விஸ்கான்சினில் இதற்கெல்லாம் யாரும் பத்திரம் எழுதுவதில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஆர்லனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தது. மார்லிஸை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தவர் விர்ஜில். ஆர்லனின் வண்டியைத் தன் கொட்டகைக்கு ஓட்டிப்போய், குளிர்காலம் முழுக்க விடிவதற்குள் ஆர்லன் வீட்டு வாசல் பனியைத் தள்ளி வைத்தவரும் அவரே. ஜன்னலில் நின்று ஆர்லன் கையாட்டினால், என்னவோ திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் போல் விர்ஜில் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். அந்த ஜன்னலில் நின்று ஆர்லன் பலமுறை கண் கலங்கியிருக்கிறார். இப்படி ஒரு மனிதன் எதிரிலேயே வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைப்பார். வாய் திறந்து சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் அதையெல்லாம் சொல்வதற்குப் பதில் ஒரு டப்பா கேக் கொடுத்துவிடுவார்கள்.

வசந்தம் வந்ததும் விர்ஜில் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "உருளைக்கிழங்குப் பாத்திய உழுதுக்கோ. மெதுவாக் குடுத்தாப் போதும்."

முதல் பாத்தியிலேயே 'கடக்' என்றது வண்டி. அப்புறம் முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

எங்கள் ஊரில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. இரவல் வாங்கிய வண்டியை டேங்க் நிரப்பாமல் கொடுப்பதில்லை. உடைத்துக் கொடுத்தவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. தவிர, விஷயம் தெரிந்தால் விர்ஜில், "பழைய வண்டிதானேப்பா, விடு" என்று அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார். அந்த நன்றியைத் தாங்க, தைத்து வைத்த நெஞ்சில் இடமில்லை.

ஆகவே சமையலறை.

உதிரி பாகக் கடைக்காரர் கிளெட்டஸ், இருந்த ஒரே பெரிய பேரிங்கை எடுத்துக் கொடுத்தார். "அதிர்ஷ்டக்காரன்யா நீ. இதே சாமானைக் கேட்டு நேத்துகூட ஒரு போன். வண்டியெல்லாம் வயசாகி ஒண்ணா வீட்டுல படுக்குது போல."

பேரிங்கைக் குளிர வைத்து, இரும்புக்கூட்டைச் சூடாக்கினால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்டுப் பொருந்தும். எனவே பேரிங்கை எண்ணெய் படாமல் வெள்ளைத்தாளில் சுற்றி, உறைபெட்டியில் மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவே ஒளித்து வைத்தார். மறுநாள் மார்லிஸ் வெளியே போயிருந்தபோது இரும்புக்கூட்டை ஓவனில் சூடாக்கி ஒத்திகை பார்த்தார். அன்று மாலை அதே ஓவனில் வெந்த உருளைக்கிழங்குக் கறியை ஒரு வாய் தின்றுவிட்டு மார்லிஸ் கரண்டியை வைத்தாள்.

"இதுல டிராக்டர் வாசனை அடிக்குது."

"மிளகு தூக்கலாப் போட்டியோ?"

அடுத்த நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. விர்ஜில்! ஆர்லன் பாய்ந்து வெளியே வந்து கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினார்.

விர்ஜில் உள்ளே வரவே முயலவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினார்.

"மார்லிஸ் குடுத்தனுப்பினது வந்துச்சுப்பா."

மார்லிஸ் யாருக்காவது கொடுத்தனுப்பினால் அது எப்போதும் மான்கறிதான் என்பது ஆர்லனுக்குத் தெரியும். "அட, அதுக்குப் போய்..."

"இல்ல, ஆர்லன். நான் வாயத் திறந்து கேக்கவே இல்ல. எனக்கு அதான் தேவைன்னு உனக்கு எப்படித்தான் தோணுச்சோ." தொப்பி இன்னும் வேகமாக உருண்டது. "டெலோரஸ் அழுதே போயிட்டா."

ஒரு பொட்டலம் கறிக்கு விர்ஜிலின் மனைவி அழுவானேன் என்று ஆர்லன் யோசித்தார். பாவம், எதிர்வீட்டில் கஷ்டம் போலிருக்கிறது. நமக்குத் தெரியாமலே போயிற்றே!

"இன்னும் வேணுமாப்பா? நிறைய இருக்கு."

"ஐயோ, ஒண்ணே போதும். கொஞ்ச நாள் டைம் குடு. எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்." விர்ஜில் தொப்பியை மாட்டிக்கொண்டு வேகமாக ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

ஆர்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறைபெட்டியைத் திறந்தார். பொட்டலங்களைப் புரட்டினார். எல்லாம் கறி.

"மார்லிஸ்! இங்கேர்ந்து எதையாவது எடுத்தியா?"

"ஆமா. நமக்காக ஓடியாடினவங்களுக்கு ஒரு பொட்டலமாவது குடுக்க வேண்டாமா? சர்ச் விருந்துக்கு ஒண்ணு, போதகர் வீட்டுக்கு ஒண்ணு, டெலோரஸுக்கு ஒண்ணு. நல்லா கனமாப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"கனமானது யாருக்குப் போச்சு?"

"நான் என்ன தராசா வெச்சிருக்கேன்?"

ஆர்லன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். விர்ஜில் நேரிலேயே வந்து நன்றி சொல்லியாயிற்று, ஆகவே அங்கே போனது கறி. சர்ச் விருந்தில் யார் பல்லும் உடைந்ததாகச் செய்தி இல்லை. மிச்சம் போதகர் வீடு. போதகரிடம் போய்க் கேட்டால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் 'ஆர்லன் சகோதரரின் கியர்பெட்டிக்காக' என்று ஊரே எழுந்து நிற்கும். கிளெட்டஸிடமே கெஞ்சி, வெளியூரிலிருந்து இன்னொரு பேரிங் வரவழைத்தார்.

மாட்டினார். கியர்பெட்டியை வண்டியில் பொருத்தினார். முதல் கியரைப் போட்டதும் டிராக்டர் ஜம்மென்று பின்னால் போனது. இரண்டாவது போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதில் மார்லிஸின் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, தோளில் ஒரு தலையணை உறையோடு ரோட்டோரம் வரை வந்துவிட்டார். உள்ளே பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார். முன்னால் போக ஒரே வழிதான் மிச்சமிருந்தது, ரிவர்ஸ்.

எதிர்வீட்டு வாசலில் விர்ஜில் நின்றிருந்தார்.

"என்னப்பா, பின்னாடியே போற?"

"டாக்டர் சொன்னாரு. கழுத்துக்கு நல்லதாம்."

விர்ஜில் அக்கறையாகத் தலையாட்டினார். "எத்தனை தடவை போகணுமாம்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை."

"உடம்பப் பார்த்துக்கோ," என்று மனதாரச் சொல்லிவிட்டு விர்ஜில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வசந்தத்தில் அந்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

மறுபடி மேசை, மறுபடி எண்ணெய். இந்த முறை மார்லிஸே எதிரில் உட்கார்ந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தாள். சண்டை போட்டுக்கொண்டேதான் செய்தாள். மேசைவிரிப்பு போயிற்று, துணிக்கொடி போயிற்று, ஆனால் போன இலையுதிர் காலத்தில் எழுவோமா மாட்டோமா என்று கிடந்த மனிதன், கை நிறையக் கிரீஸோடு எதிரில் உட்கார்ந்து சீட்டியடித்தான். மார்லிஸுக்கு அது போதும்.

டிராக்டர் முன்னால் போனது. ஆர்லன் அதைக் கழுவினார், டேங்கை நிரப்பினார். மார்லிஸ் ஒரு தட்டு கேக் துண்டுகளைச் சீட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"குடுத்துட்டுச் சும்மா வந்துடுவியா?"

"இல்ல. சொல்லிடப் போறேன். எல்லாத்தையும். இவ்வளவு செஞ்சவன்கிட்ட ஒளிச்சு வெச்சிருக்கறது தொண்டையில முள்ளா நிக்குது."

எதிர்வீட்டுக் கதவைத் திறந்தது டெலோரஸ். அவளுக்குப் பின்னால் சாப்பாட்டு அறையில் ஏதோ உருண்டு விழுந்தது. விர்ஜில் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று அந்த அறைக் கதவின் முன் போய் நின்றுகொண்டாள்.

தொப்பியைக் கழற்றினார் ஆர்லன். "டெலோரஸ், உங்க வண்டிய நான் உடைச்சுட்டேன். முதல் பாத்தியிலேயே. சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீட்டுலயே பிரிச்சு, சரி பண்ணி ஓட்டிட்டு வந்திருக்கேன். அதுக்குன்னு வாங்கின பேரிங்கைக்கூட ஃப்ரீசர்ல வெச்சேன், மார்லிஸ் கறின்னு நினைச்சு யாருக்கோ குடுத்துட்டா. விர்ஜில் எனக்குச் செஞ்சதுக்கு நான் பண்ணின கைம்மாறு இதுதான். உங்க ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லணும். மன்னிப்பும் கேக்கணும். எது முதல்லன்னு தெரியல."

ஆர்லன் நீட்டிய கேக் தட்டை டெலோரஸ் வாங்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடக் கடவுளே, அந்தப் பேரிங்க எங்க வண்டிக்கா வாங்கி வெச்சிருந்தீங்க? குளிர்காலக் கடைசியில உங்க வாசல்ல பனி தள்ளும்போது உங்க வண்டிய அவரும் உடைச்சுட்டாரு, அது தெரிஞ்சுதான் நீங்க குடுத்தனுப்பினீங்கன்னு நினைச்சுல்ல, எங்க சாப்பாட்டு மேசையில வெச்சு அதை மாட்டிக்கிட்டிருக்காரு!"