ரெப்போ அண்ணனின் பத்து நாள் விடுப்பு

பேரரசுகள் கோட்டையை நம்பி நின்றதுண்டு, படையை நம்பி நின்றதுண்டு. இந்த நிறுவனமோ ஒரே ஒரு ஃபோல்டரை நம்பி ஆறு வருஷம் நின்றது. பெருமை என்றால் இதுவல்லவா பெருமை!

அந்த ஃபோல்டர் மூன்றாம் மாடியில், ரெப்போ அண்ணனின் கணினியில் இருந்தது. ஜாவாவில் மென்பொருள் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதிக்கொண்டிருப்பதில்லை. வேண்டிய லைப்ரரிகளின், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளின், பெயர்களைப் பட்டியலில் போட்டால் போதும். பில்ட் டூல் அவற்றை இணையத்திலிருந்து இறக்கி, லோக்கல் ரெப்போ என்ற ஃபோல்டரில் அடுக்கிவிடும். ஒரு லைப்ரரி மட்டும் இணையத்தில் இல்லை. யாரோ ஒரு மகானுபாவர் பென் டிரைவில் கொண்டுவந்தார். அவசரத்தில் அண்ணன் அதைத் தன் ரெப்போவில் கையால் போட்டார். அன்றிலிருந்து அவர் கணினியில் மட்டுமே பில்ட், அதாவது எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருளாக்கும் வேலை, ஓடியது.

நிர்வாகம் சும்மா இருக்குமா? ஏழு பேர் கொண்ட 'ஃபோல்டர் பாதுகாப்புக் குழு' அமைந்தது. வாராவாரம் கூடி, பிஸ்கட் தின்று, நகலெடுப்பது ஆபத்து என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அண்ணன் பத்து நாள் லீவு கேட்கும்போதெல்லாம் மேனேஜர் உருகிப்போவார்.

"நீங்க போயிட்டா கம்பெனியே படுத்துடுமே!"

ஐந்து முறை ரயில் டிக்கெட் ரத்தானது. கடலுக்கென்று வாங்கிய நீச்சல் வளையம் இப்போது மகளின் இடுப்பில் ஏறவில்லை. ஆறாவது டிக்கெட்டை மனைவியே எடுத்தாள்.

"இந்தத் தடவை நாங்க ரெண்டு பேரும் கிளம்பிடுவோம். நீங்க உங்க ஃபோல்டரோடயே குடும்பம் நடத்துங்க."

அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பயணத்துக்கு முதல் நாள் அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், புதிதாகச் சேர்ந்த பெண் அவர் கணினி முன்னால் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, பாவம், மெஷின் ரொம்பத் திணறுச்சு. ரெப்போவ மொத்தமா அழிச்சுட்டேன். எல்லாம் தானா திரும்ப இறங்கிடும்ல?"

எல்லாம் இறங்கியது, அந்த ஒன்றைத் தவிர. பில்ட் செத்தது. அவசரக் கூட்டம் கூடியது.

"அது என்னதான் செய்யும் அந்த லைப்ரரி?" என்றாள் அந்தப் பெண். மேனேஜர் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"பட்டியல்லேருந்து அந்தப் பேரையே தூக்கிட்டா?"

"உனக்கென்ன பைத்தியமா?" என்று மேனேஜர் கேட்பதற்குள் அவள் தூக்கிவிட்டாள். பில்ட் ஓடியது. சோதனைகள் அத்தனையும் பச்சை, அதாவது பாஸ். ஆறு வருஷமாக அந்த லைப்ரரியை எந்த நிரலும் பயன்படுத்தவே இல்லை.

அண்ணன் துள்ளிக் குதித்தார். "அப்போ என் லீவு சார்?"

"அதெப்படி? அந்தப் பேரு மறுபடி பட்டியல்ல ஏறிடாம யாரு காவல் இருக்கிறது?"

வந்ததே கோபம் அண்ணனுக்கு! "சார், ஒரு வரிய எடுத்துப் பார்த்தோம், ஓடுச்சு. பத்து நாள் என்னை எடுத்துப் பாருங்க, ஓடும். அடுத்து இந்தக் குழுவ எடுத்துப் பார்ப்போம். அதுக்கும் அடுத்து..."

அவர் முடிக்குமுன் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள், அண்ணன் குடும்பத்தோடு ரயிலேறிய நேரத்தில், குழுவின் சுற்றறிக்கை வந்தது: "நீக்கிப் பார்க்கும் சோதனை மென்பொருளுக்கு மட்டுமே உரியது. நிர்வாகத்தின்மேல் அதை நடத்திப் பார்க்க யாருக்கும் அனுமதியில்லை."