காளிராஜ் அச்சிட்ட மழை

வாழ்க காளிராஜ்! சிவகாசித் திருநகரின் அச்சக வேந்தே, நாள்காட்டிகளின் நாயகரே, முந்நூற்று அறுபத்தைந்து தாள்களால் ஊர்ச்சுவர்கள் அனைத்தையும் வென்றெடுத்த வீரரே, வாழ்க! உமது புகழை எழுதி முடிக்க உமது அச்சகத்து மையெல்லாம் போதாது. ஆயினும் தொடங்குகிறேன், அக்கினி நட்சத்திரத்து அனலே, நீயே எனக்குத் துணை நிற்பாயாக.

செங்கதிரோன் சினந்தெரிந்த அந்தச் சித்திரை நண்பகலில், காளிராஜின் மொட்டைமாடியில் விரித்த எட்டு முழ வேட்டியின் மீது, அவர் தர்மபத்தினி யோகேஸ்வரி ஊற்றிய கூழ்வத்தல் சேனை அணி அணியாகக் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பகல் வெயிலைத் தாங்கியாயிற்று. இன்று மாலைவரை காய்ந்தால் ஆறு மணி பஸ்ஸில் கோவைக்கு ஏறிவிடும். அங்கே மசக்கையில் வாடும் மகள் ஆர்த்தி, "அம்மா, சோறே எறங்க மாட்டேங்குது. உன் கூழ்வத்தல் இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்" என்று போனில் அழுதிருந்தாள்.

அந்நேரம் பார்த்து, சுவரில் தொங்கிய கணவரின் நாள்காட்டியை நோக்கிய யோகேஸ்வரி, வீடு அதிரக் கூவினாள்: "ஏங்க! இன்னைக்கு இடியோட கனமழைன்னு போட்டிருக்கீகளே! ஓடி வாங்க, வத்தலை அள்ளணும்!"

அம்மம்மா! அஞ்சா நெஞ்சனின் நெஞ்சு அப்போது அஞ்சியது. ஏனெனில் அந்த மழையைப் பெற்றவர் அவரேயன்றி வேறெவரும் அல்லர். சென்ற ஆண்டு ஆடிப்பெருக்குக்குள் நாள்காட்டி மாதிரிகள் வெளிவந்தாக வேண்டிய அவசரத்தில், ராகுகாலம், ராசிபலன், நல்ல நேரம் யாவும் ஏற்றிய பின்னும் இந்த ஒரு தாளின் அடியில் மட்டும் இரண்டு விரல் இடம் வெறுமையாய்க் கிடந்தது. "இடியோட கனமழைன்னு போட்டு மெஷின்ல ஏத்துலே!" என்று அன்று முழங்கியவர் நம் நாயகர். இன்று உண்மையை உரைத்தால் மானம் போகும். உரைக்காவிட்டால் அரைகுறையாய்க் காய்ந்த வத்தல் உள்ளே கிடந்து புளித்துப் போகும்.

மாடியேறிய மாவீரர் முதற்கண் கைபேசியை உருவினார். "இங்கன பாரு யோகேசு, மாவட்டத்துல ஓரிரு இடங்கள்லதான் மழையாம். மாவட்டம் எம்புட்டுப் பெருசு! சாத்தூரு இருக்கு, ஏழாயிரம்பண்ணை இருக்கு. நம்ம மாடிதானா அதுக்குக் கெடச்சுச்சு?"

"போனு காலையில ஒன்னு சொல்லும், மத்தியானம் ஒன்னு சொல்லும். நீங்க போட்டது வருசம் பூரா ஒரே சொல்லுல நிக்குதுல்ல!"

முதல் அஸ்திரம் முறிந்தது. உலகையே உலுக்கும் இரண்டாம் அஸ்திரத்தை ஏவினார். "பருவமே மாறிப்போச்சு. இனிமே வெயிலு கூடும், பெய்யிற நாளு கொறையும், பெஞ்சா மொத்தமாக் கொட்டும்னு படிச்சவுக சொல்றாக."

"கொட்டும்னு சொல்றாகள்ல? அப்ப எடுங்க!"

ஏவிய அஸ்திரம் எய்தவர் மீதே திரும்பியது. பின்னர் மூண்டது பெரும்போர். வேட்டியின் கீழ்த்திசை முனையை அவள் பற்ற, மேல்திசை முனையை அவர் பற்ற, இவர் இழுக்க அவள் இழுக்க, நடுவே வத்தல் வீரர்கள் துள்ளித் துள்ளி வீழ்ந்தனர். பத்து வத்தல்கள் மடிந்ததும், மகள் முகம் நினைவில் வர, காளிராஜ் மானத்தைத் துறந்து திசையெட்டும் கேட்கப் பிரகடனம் செய்தார்: "அது மழையே இல்ல யோகேசு! எடம் நெறைக்க நானாப் போட்டது!"

யோகேஸ்வரி வேட்டியை விட்டாள். "அப்ப இருபத்தஞ்சு வருசமா நான் பாத்துப் பாத்துப் படியெறங்குன நல்ல நேரமெல்லாம்?"

"அதெல்லாம் பஞ்சாங்கம்! இந்த ஒரு மழைதான் என்னுது!"

நெடுநேரம் முறைத்தவள் கடைசியில் சிரித்துவிட்டாள். வத்தல் வெயிலிலேயே கிடந்தது. போர் முடித்த பெருமகனார் கீழிறங்கி, வயிறு முட்ட உண்டு, மின்விசிறியின் கீழ் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

மணி மூன்று. மேற்குத்தொடர்ச்சி மலைமுகட்டில் எழுந்தது ஒரு கருமேகம். எம். புதுப்பட்டியை ஒரு துளியும் சிந்தாமல் கடந்து, பட்டாசு ஆலைகளையெல்லாம் பொருட்படுத்தாது தாண்டி, மாவட்டத்தின் ஓரிரு இடங்களுள் ஒன்றைத் தேடித் தேடி வந்து, காளிராஜின் மொட்டைமாடிக்கு நேர் மேலே நின்று, இடித்து, மின்னி, குடம் குடமாய்க் கொட்டியது. தம்பதியர் மூச்சிரைக்க மேலேறியபோது வத்தலெல்லாம் மறுபடி கூழாகி, வேட்டி வழியே வடிந்து ஓடிக்கொண்டிருந்தது.

சொட்டச் சொட்ட நின்ற யோகேஸ்வரி, வானையும் கணவரையும் மாறி மாறி நோக்கி, வெகுண்டு மொழிந்தாள்: "இம்புட்டுச் சரியாப் போட்டுட்டு, பொய்யின்னு சொல்லிக் கெடுத்துட்டீகளே!"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், ஆர்த்திக்குக் கடையில் ரெண்டு பாக்கெட் வத்தல் வாங்கி அனுப்பினார்கள்.