பெரியவர் போயிட்டார்

"சார், பெரியவர் போயிட்டார்" என்று வயலின்காரர் ஃபோனில் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்றைக்கு நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

மறுமுனையில் இருந்தவர் இசைக்குழுவின் மேனேஜர். லீவு என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் மாறிவிடும் மனிதர். பல் பிடுங்கிக்கொண்டு வந்த கிளாரினெட்காரரை, "ஒரு பல்லுதானேய்யா, மிச்சம் முப்பத்தொண்ணு இருக்குல்ல?" என்று கேட்டு அன்று மாலையே மேடையேற்றியவர். போன வருடம் ஒரே தங்கைக்கு இரண்டாவது முறை கல்யாணம் என்று லீவு கேட்ட கிட்டார்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பொய் சொன்னவனோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேராது என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"எப்போ?"

"விடிகாலைல சார். அஞ்சு மணி இருக்கும்."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல சார். என் மடியிலதான் தலைய வெச்சிருந்தார். அப்படியே..."

அதற்குமேல் வயலின்காரரால் முடியவில்லை. ஐம்பத்து நாலு வயது ஆள், ஃபோனைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை மேனேஜர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"மூணு நாள் வர வேணாம். வீட்டைப் பாருங்க" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வயலின்காரருக்கு உறைத்தது. அவர் கேட்க நினைத்தது காலை ஒத்திகைக்கு மட்டும்தான். இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் யாருக்கும் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கொடுத்ததில்லை.

"அவர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பெரியவர் போயிட்டார்னு சொன்னேன்."

மனைவி மெதுவாகத் திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அப்பா, எழுபத்தெட்டு வயது, பூரண ஆரோக்கியத்துடன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ" என்றாள்.

பெரியவர் என்பது நாய். பதினாறு வருடம் முன்பு இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்தபோதே அதற்குப் புருவம் இரண்டும் வெள்ளை. செருப்பைக் கடித்ததற்குத் திட்டினால், திட்டியவரை மன்னித்துவிட்டதுபோல ஒரு பார்வை பார்க்கும். பெயர் தானாக அமைந்துவிட்டது. பெயர் அப்படி அமைந்த பிறகு 'வந்தது, போனது' என்று பேச வாய் வருமா? பெரியவர் வந்தார், பெரியவர் தூங்குகிறார் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு.

மாமனார் இங்கே குடிவந்தது நாலு வருடம் முன்பு. அதற்குள் 'பெரியவர்' என்ற பட்டம் பறிபோயிருந்தது. முதல் வாரம், "பெரியவர் சாப்பிட்டாச்சா?" என்று வயலின்காரர் வாசலிலிருந்து கேட்க, "ஆச்சு ஆச்சு" என்று மாமனார் உள்ளேயிருந்து பதில் சொல்ல, நாய் அன்று மத்தியானம் பட்டினி கிடந்தது. அந்த மனத்தாங்கல் மாமனாருக்கு இன்றுவரை உண்டு.

"உடனே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

வயலின்காரர் கூப்பிட்டார். மேனேஜரின் எண் பிஸி. மறுபடி கூப்பிட்டார். பிஸி. மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி பரவி, இரங்கல்கள் வந்து விழ ஆரம்பித்தன. புல்லாங்குழல்காரர் கும்பிடும் கைகள் பதினொன்று அனுப்பியிருந்தார்.

'போனது மாமனார் இல்லை' என்று தட்டினார் வயலின்காரர். அடுத்து என்ன எழுதுவது? 'நாய்' என்று எழுத விரல் வரவில்லை. மண்வெட்டி இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார், "நாய்தானே, வேற குட்டி வாங்கிக்கலாம் விடுங்க" என்று. அதே வார்த்தையை இன்னும் பதினான்கு பேர் வாயிலிருந்து கேட்க அவருக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. எழுதியதை அழித்துவிட்டு 'நன்றி' என்று மட்டும் அனுப்பினார்.

அனுப்பிய மறு நிமிடம் டிரம்ஸ்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே, கேள்விப்பட்டேன். மேனேஜர் ஒத்திகையையே நிறுத்திட்டார். நாங்க எல்லாம் கிளம்பி வர்றோம். எப்ப எடுக்கறீங்க?"

"எடுத்தாச்சு தம்பி. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சிடுச்சா? அஞ்சு மணிக்குத்தானே போனார்?"

"ஏழு மணிக்கு அடக்கம் பண்ணிட்டோம்."

"எங்கண்ணே?"

"பின்னாடி தோட்டத்துலதான். எலுமிச்சை மரத்தடியில. அவருக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்."

அழுகையும் அசதியும் சேர்ந்தால் மனிதன் யோசிக்காமல் உண்மையைப் பேசிவிடுகிறான்.

"குழி... யார் வெட்டினது?"

"நான்தான். பக்கத்து வீட்டுல மண்வெட்டி வாங்கினேன்."

"பெட்டி?"

"பெட்டி என்ன பெட்டி. பழைய போர்வைல சுத்திட்டோம். வீட்டுலதான் எடுத்துக் குடுத்தா."

"டாக்டர்... டாக்டர் யாராவது பாத்தாரா அண்ணே?"

"போன வாரம் பாத்தார். 'எதுக்கு இழுத்துக்கிட்டு இருக்கீங்க, ஒரு ஊசியில முடிச்சுடலாம்'னார். நாங்கதான் மனசு கேக்காம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

"நாலு மணிக்கு வர்றோம்" என்று டிரம்ஸ்காரர் ரொம்ப மெதுவாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

தான் என்ன பேசினோம் என்பது வயலின்காரருக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. இதுவரை பொய் சொல்லி லீவு எடுத்தவர் என்ற பெயர்தான் வர இருந்தது. இப்போது மாமனாரைக் கொன்றவர் என்ற பெயரும் வரும்போல் இருந்தது. வேலை போனால் இந்த வயதில் வேறு எந்தக் குழு மூன்றாவது வரிசைக்கு ஒரு வயலின்காரரைத் தேடிக்கொண்டிருக்கப் போகிறது?

மாமனாரிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது.

"அப்பா, நீங்க காலைல தவறிட்டீங்க."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். "யாரு சொன்னா?"

"இவர்தான்."

"மாப்பிள்ளை, நான் எப்படிப் போனேன்?"

"நிம்மதியா, மாமா. என் மடியில."

"உங்க மடியிலயா!"

இறந்ததைவிட அதுதான் அவரை அதிகம் பாதித்தது. பிறகு, நாலு மணிக்கு வரவேண்டிய டீ அறைக்கே வரவேண்டும், 'பெரியவர்' என்ற பட்டம் இனி தன்னுடையது, இந்த இரண்டுக்கும் சம்மதித்தால் அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்று ஒப்புக்கொண்டார். முதலாவதற்கு வயலின்காரர் உடனே தலையாட்டினார். இரண்டாவதற்கு ஆட்டவில்லை. மாமனாரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்தவள் மனைவி.

"வர்றவங்க தோட்டத்தைப் பாக்கணும்னு கேட்டா? அந்த மேடு மூணடிதானே இருக்கு?"

வயலின்காரர் மறுபடி மண்வெட்டியை எடுத்தார். காலையில் வெட்டியதிலேயே உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மத்தியான வெயிலில் மண்ணை வெட்டி வெட்டி மேட்டை நீட்டினார். நடுநடுவே, மண்ணுக்குள் படுத்திருப்பவர் ஞாபகம் வந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவரைத் தொந்தரவு செய்வதுபோல் இருந்தது.

"மாப்பிள்ளை, என் உயரம் அஞ்சடி நாலுதான். போதும்" என்று மாமனார் சன்னலிலிருந்து குரல் கொடுத்தார்.

அதற்குள் மேடு எட்டடியைத் தாண்டியிருந்தது. குறைக்க வயலின்காரருக்குத் தெம்பில்லை.

நாலு மணிக்கு வேன் வந்தது. மேனேஜர், டிரம்ஸ்காரர், புல்லாங்குழல்காரர், கிளாரினெட்காரர், பின்னால் மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு டிரைவர். வளையத்தின் நாடாவில் 'பெரியவருக்கு, இசைக்குழுவினர்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் வயலின்காரருக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது. நாய்க்கு மலர்வளையம் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"இடத்தைப் பாக்கலாமா?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் எலுமிச்சை மரத்தடிக்குப் போனார்கள். டிரம்ஸ்காரர் மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

"ரெண்டு பேரை வெச்ச மாதிரி இருக்கேய்யா" என்று புல்லாங்குழல்காரரின் காதில் கிசுகிசுத்தார். "வீட்டுல எல்லாரும் இருக்காங்களான்னு எண்ணிப் பாரு."

"சும்மா இருய்யா" என்றார் மேனேஜர்.

அந்த நேரம் பார்த்து சன்னலுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. டிரம்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது; மேட்டைவிட்டு நாலடி விலகி நின்றார்.

"பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள் மனைவி.

"பக்கத்து வீடு அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றார் டிரம்ஸ்காரர்.

"அவருக்கு இருமல் ஜாஸ்தி."

மேனேஜர் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. வளையத்தைத் தானே வாங்கி மேட்டின் மேல் வைத்தார். நிமிர்ந்து, "அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்றார் வயலின்காரரிடம்.

ஒரு வார்த்தை தப்பினாலும் மாட்டிக்கொள்வோம் என்று வயலின்காரருக்குத் தெரியும். மாமனாரைப் பற்றிப் பேசுவதற்கு மனதுக்குள் இரண்டு வாக்கியம் தயார் செய்தும் வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் அவை வரவில்லை.

"தினம் காலைல அஞ்சு மணிக்குச் சாதகம் பண்ணுவேன்" என்று ஆரம்பித்தார். "அவர் வந்து எதிர்ல உக்காருவார். மழையா இருந்தாலும் சரி, உடம்பு முடியாட்டியும் சரி. சுருதி விலகுச்சுன்னா எந்திரிச்சு வெளிய போயிடுவார். சரியாகற வரைக்கும் திரும்பி வரமாட்டார். ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மேடையில நான் வாசிக்கறது யாருக்கும் கேக்காது. தப்பா எடுத்துக்காத தம்பி, உன் டிரம்ஸ் பக்கத்துல வேற எது கேக்கும்? ஜனங்க சாப்பிடறாங்க, பேசறாங்க, கிளம்பறாங்க. நானும் பெட்டிய மூடிட்டு வந்துடறேன். என் வயலினை மட்டும் தனியா கேட்டது இந்த உலகத்துல அவர் ஒருத்தர்தான். எவ்வளவு நேரமானாலும் கதவுக்கிட்டயே காத்துக்கிட்டு இருப்பார். இன்னிக்கு நான் பெட்டியத் திறக்கவே இல்ல. நாளைக்குக் காலைல யாருக்குன்னு வாசிக்கறது?"

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புல்லாங்குழல்காரர் அழுதார். கிளாரினெட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தேகத்தோடு வந்த டிரம்ஸ்காரரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மேனேஜர் வயலின்காரரின் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கே ரொம்ப நேரம் இருந்தது. பிறகு எல்லோரையும் வேனுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் மாமனார் டீ கிளாஸும் கையுமாகக் கூடத்துக்கு வந்தார். வயலின்காரர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். இடுப்பு வலித்தது, கை எரிந்தது. தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பில்கூட சந்தோஷம் வரவில்லை. தோட்டத்தில் கிடப்பவர் கிடக்கிறார், அவ்வளவுதான்.

"நாலு வருஷமா பக்கத்து அறையில நானும்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், உங்க வயலினை" என்றார் மாமனார்.

வயலின்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் வாசிக்கறீங்க. அது இருக்கட்டும்." மாமனார் டீயை ஒரு வாய் குடித்தார். "நிஜமாவே நான் போனா இதுல பாதியாவது அழுவீங்களா, மாப்பிள்ளை?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? இதைவிட ரெண்டு பங்கு..."

"சார்" என்று வாசலில் குரல் கேட்டது.

வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். புல்லாங்குழல்காரர் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார். ஒளிய நேரம் இல்லை. மாமனார் டீ கிளாஸால் முகத்தை மறைக்கப் பார்த்தார்.

"இவரு... இவரு வந்து... பெரியவரோட தம்பி" என்று எழுந்து நின்று உளறினார் வயலின்காரர். "காலைலதான் ஊர்லேருந்து..."

டிரைவர் நிதானமாகக் குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமனாருக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"பதறாதீங்க சார், டிரம்ஸ்காரருக்கு வாய் சும்மா இருக்காது, அவருக்கு மட்டும் தெரிய வேணாம்னு உத்தரவு. காலைல உங்க ஃபோனை வெச்ச உடனேயே மேனேஜர் என்கிட்ட சொல்லிட்டாருங்க, 'எந்த மாப்பிள்ளையும் மாமனாருக்காக இப்படி அழமாட்டான்யா, போனது அவர் வீட்டு நாய்தான், நீ பூக்கடைக்கு வண்டிய எடு'ன்னு."