பள்ளம் எண் பதினேழு

மோட்டார் பந்தயம் ஒரு வீர விளையாட்டு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை மறுத்துப் பேசும் துணிவு நமக்கில்லை. ஆனால் பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் கொள்ளுமேடு நகரில் வசித்த துலுக்கானத்துக்கு அந்த வீரத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஊரில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். கையில் ஸ்பானரைக் கொடுத்தாலும் சரி, பேனாவைக் கொடுத்தாலும் சரி, கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிவிடுவார்.

பந்தயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். இருபத்தெட்டு வருடமாக மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கு வட்டார மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் வந்து, நகரின் நான்கு தெருக்களையும் இருபது முறை மோட்டார் சைக்கிளில் சுற்றுவார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் சாலைப் பிரிவினர் ரோடு போடுவார்கள். அந்தத் தார் ஐப்பசி மழை வரைக்கும் தாங்கும். தார் இருக்கும் வரை தண்ணீர் லாரி தெருவுக்குள் வரும். தார் போனால் லாரியும் போய்விடும். பிறகு துலுக்கானத்தின் மனைவி வேம்புலியம்மாள் நெடுஞ்சாலை ஓரத்து அடிபம்பிலிருந்து நாளைக்கு நாலு நடை குடம் சுமப்பாள். அந்த வீட்டில் வருடத்துக்கு இரண்டே பருவம்தான். ஒன்று லாரிக் காலம், இன்னொன்று இடுப்புக் காலம்.

1990 தை மாதத்தில் கழகத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள். தெருவில் பந்தயம் விடுவது காலத்துக்கு ஒவ்வாத வழக்கம் என்றும், மேற்கே நவீன பந்தயத் தளம் தயாராகிவிட்டதென்றும், ஆகவே கொள்ளுமேடு நகர் பந்தயம் கழகத்தின் பந்தய நாட்காட்டியிலிருந்து நீக்கப்படுகிறதென்றும் அதில் கண்டிருந்தது.

"இன்னாய்யா, ரேஸு கெடையாதாமே?" என்றாள் வேம்புலியம்மாள்.

"ஆமா. புதுசா கட்டிகீறாங்க. இனிமே அங்கதானாம்."

"அப்போ ரோடு?"

"ரேஸ் இல்லாத ஊருக்கு ரோடு இன்னாத்துக்குன்னு கேப்பாங்க."

"தண்ணி லாரி?"

துலுக்கானம் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

"தோ பாரு. எனுக்குக் கீறது ஒரே இடுப்பு. அதுக்கு ஸ்பேர் கெடைக்காது. நீ ஃபிட்டருதானே, உனுக்குத் தெரியாதா?"

மறுநாளே அவர் சாலைப் பிரிவு அலுவலகத்துக்குப் போனார். உதவிப் பொறியாளர் கஜபதி மிகவும் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்பார்.

"கொள்ளுமேடு நகர்ல தெருவா? எங்ககிட்ட அப்படி ஒரு தெருவே இல்லையே."

"நான் பதினாலு வருசமா அங்கதான் சார் கீறேன்."

"இருக்கலாம். ஆனா பதிவேட்டுல அது மோட்டார் பந்தயத் தடம். பந்தயம் உண்டுன்னா தடம் போடுவோம். பந்தயம் இல்லேன்னா அது தடமும் இல்லை, தெருவும் இல்லை."

"அப்போ அது இன்னாதான் சார்?"

கஜபதி விசிறியைப் பார்த்து யோசித்தார். "காலி இடம்."

"காலி இடத்துல நூத்தி நாப்பது ஊடு கீதே சார்!"

"மெதுவா பேசுங்க. வெளியில தெரிஞ்சா ஆக்கிரமிப்புன்னு ஆயிடும்."

ஆக, நூற்று நாற்பது குடும்பங்கள் சட்டப்படி குடியிருக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு முறை யாராவது அங்கே மோட்டார் சைக்கிளை உறுமவிட்டாக வேண்டும். இதைப் புரிந்துகொண்ட துலுக்கானம், அன்று முதல் தெருப் பந்தயத்தின் தீவிர ஆதரவாளர் ஆனார்.

கழகத்துக்கு மனு எழுதத் துணைக்கு மதுரைவீரனை அழைத்தார். மெக்கானிக் கடை வைத்திருந்த மதுரைவீரன், அந்தப் பந்தயத்தில் ஒன்பது முறை ஓடி, இரண்டு முறை ஜெயித்து, நாலு முறை ஆஸ்பத்திரிக்குப் போனவன்.

"அண்ணாத்தே, அந்தப் புதுத் தளத்துல இன்னா கீது சொல்லு. எருமை கீதா? ஜல்லி கீதா? திருப்பத்துல எவனாவது சைக்கிளைத் தள்ளிகினு வரானா? அல்லாரும் ஒரே பக்கமா போறான், ஒரே பக்கமா வரான். அது ரேஸா? அது மாப்ளை ஊர்கோலம்!"

துலுக்கானத்துக்கு இது பிடித்துப்போனது. ரோடு போடுங்கள் என்று கேட்கிறவனை வாசலிலேயே நிறுத்துவார்கள், பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறவனுக்கு நாற்காலி போடுவார்கள் என்பது அவர் அறிந்ததே. பட்டணத்தில் அப்போது பாரம்பரியத்துக்கு நல்ல மவுசு. பெரிய ஓட்டல்கள் வாசலில் உடைந்த மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சாத்தி வைத்தன. காரில் வந்தவர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டு உள்ளே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

பேனா ஓடியது. 'மேற்படி தடத்தின் பள்ளங்கள் வீரர்களை வளர்த்தெடுக்கும் இயற்கை ஆசான்களாகும். வழவழப்பான தளத்தில் குழந்தையும் ஓட்டும். பள்ளத்தில் ஓட்டுகிறவனே வீரன்' என்று ஆரம்பித்து, பள்ளத்தைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதினார். அவர் போட்ட திட்டம் எளிமையானது. பள்ளத்தைப் புகழ்ந்தால் பந்தயம் வரும், பந்தயம் வந்தால் தார் வரும், தார் வந்தால் பள்ளம் போகும்.

கழகத்தார் உருகிவிட்டார்கள். உடனே 'தெருப் பந்தயப் பாரம்பரிய ஆய்வுக் குழு' ஒன்று அமைந்தது. தலைவர் பாஸ்கரன், ஓய்வுபெற்ற துணைச் செயலாளர். வெளிநாட்டில் கடலோரத்து ஊர் ஒன்றில் தெருவிலேயே கார்ப் பந்தயம் நடப்பதை ஓட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் என்பதால், அந்தத் துறையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

குழு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் மதுரைவீரன், அதிகாரிகளின் கார் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், இரண்டு வண்டி செங்கல் தூளைக் கொட்டிப் பள்ளங்களை மூடிவிட்டான். தொழிற்சாலையிலிருந்து திரும்பிய துலுக்கானம் தலையில் அடித்துக்கொண்டார்.

"படுபாவி! பள்ளத்தைப் பத்தி மூணு பக்கம் எழுதிகீறேன். நாளைக்கு வந்து எங்கடா பள்ளம்னு கேட்டா உன் தலையையா காட்டுவேன்?"

ஞாயிறு காலை ஊரே கடப்பாரையோடு தெருவில் இறங்கியது. நெடுநாளாக ரோட்டுக்காகப் போராடிய ஜனங்கள் அந்த ரோட்டைத் தோண்டிய உற்சாகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். முன்பு இருந்தவை இருபத்தாறு பள்ளங்கள். காபி நேரத்துக்குள் நாற்பத்தொன்று ஆயின. துலுக்கானத்தின் வீட்டு வாசலில் ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம் போல ஒன்று உருவாயிற்று.

வேம்புலியம்மாள் குடத்தோடு நின்று பார்த்தாள். "இதே வேகத்துல ஒரு கெணறு தோண்டியிருந்தீங்கன்னா இந்நேரம் தண்ணி வந்திருக்கும்" என்றாள். யாருக்கும் அதைக் கேட்க நேரமில்லை.

பத்து மணிக்குக் குழு வந்தது. பள்ளங்களை நாடா வைத்து அளந்தார்கள். வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்கள். துலுக்கானம் வீட்டு வாசலுக்குப் பதினேழாம் எண் கிடைத்தது. பாஸ்கரன் அதன் அருகே குனிந்தார்.

"இது எத்தனை வருஷத்துப் பள்ளம்?"

"எங்க அப்பா காலத்துலேர்ந்து கீது சார்" என்றான் காலையில் அதைத் தோண்டிய மதுரைவீரன்.

பாஸ்கரன் ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. "இன்னும் உயிரோட இருக்குய்யா!"

கழகத்தின் செயலாளர் லட்சுமணன் இளைஞர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், புதுத் தளத்தின் கட்சி. அவர் மெல்லச் சொன்னார்: "சார், இதுல வண்டி ஓட்டினா ஆள் காலி சார்."

"அதனாலதான் தம்பி இது பாரம்பரியம். அந்தக் காலத்து வீரர்கள் யாராவது இப்ப இருக்காங்களா?"

"இல்லை சார்."

"பார்த்தியா?"

உயிரோடு பக்கத்தில் நின்றிருந்த மதுரைவீரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துலுக்கானம் அவன் காலை மிதித்தார்.

ஒரு மாதம் கழித்துப் பந்தல் போட்டு முடிவை வாசித்தார்கள். கொள்ளுமேடு நகர்த் தடம் நாட்காட்டியில் நிரந்தர இடம் பெறுகிறது என்றதும் கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்தில் மீதியைப் பலர் கேட்கவில்லை. தடத்தின் மேற்பரப்பு ஆய்வு நாளில் இருந்தபடியே என்றென்றும் பாதுகாக்கப்படும். தார், ஜல்லி, மண் எதையும் இடுவதும், வேறு எவ்வகையிலும் அதைச் சீர்திருத்துவதும் குற்றம். வீரர்களின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டி, பந்தயம் மட்டும் புதிய தளத்தில் நடைபெறும். அதே நாளில் இங்கே பள்ளங்களுக்கு மாலை அணிவிக்கப்படும்.

துலுக்கானத்துக்கு முழுதும் காதில் விழுந்தது. எழுந்து கத்தலாமா என்று பார்த்தார். அதற்குள் தோளில் சால்வை விழுந்துவிட்டது. சட்டையில் 'தடக் காவலர்' என்று பொறித்த பித்தளை வில்லை ஒன்றையும் குத்திவிட்டார்கள். சால்வையோடு கத்துவது அழகாக இருக்காது. வில்லையும், சும்மா சொல்லக் கூடாது, பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

கஜபதியிடம் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தார். "அதான் நாட்காட்டில பேரு வந்துடுச்சே சார். தார் போடக் கூடாதா?"

"முன்னாடி காலி இடமா இருந்தப்பவே வந்திருக்கலாமே. இப்ப ஒரு கைப்பிடி ஜல்லி போட்டா என் வேலை போயிடும்" என்றார் கஜபதி, மிகுந்த மரியாதையோடு.

மாலையணிவிப்பு நாள் வந்தது. பிரமுகர்கள் மேல் புழுதி படக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. உடனே இரண்டு தண்ணீர் லாரிகள் தெருவுக்குள் நுழைந்தன. இந்தப் பள்ளத்தில் வந்தால் அச்சு ஒடியும் என்று மாதக்கணக்கில் சாதித்த அதே டிரைவர்தான். உத்தரவு இருந்தால் அச்சு ஒடிவதில்லை போலிருக்கிறது. நல்ல தண்ணீரை, தெளிந்த தண்ணீரை, அவர்கள் தரையில் திறந்துவிட்டார்கள். நூற்று நாற்பது வீட்டிலிருந்தும் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

துலுக்கானம் விசில் ஊதினார். "தள்ளுங்க, தள்ளுங்க! இது தூசி அடக்குற தண்ணி!"

முதலில் நின்றவள் வேம்புலியம்மாள். "யாருக்கு யாரு கட்சி பேசிகினு கீற நீ?"

"நாலு பேரு பாக்குறாங்க. போ அந்தாண்ட."

அவள் போகவில்லை. பதினேழாம் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் கரையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்ற ஆரம்பித்தாள். கலங்கல்தான், பாத்திரம் கழுவவாவது ஆகுமே. மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து பாஸ்கரன் மாலையோடு வந்து சேர்ந்தார்.

"ஆஹா! இது என்ன சடங்கு?"

குடிக்கத் தண்ணீர் இல்லை சார் என்று சொல்ல வேண்டியது சங்கச் செயலாளரின் கடமை. துலுக்கானம் தொண்டையைச் செருமினார். பிரமுகர்களைப் பார்த்தார், வில்லையைத் தடவினார்.

"பள்ளத்து நீர் மொள்ளுதல் சார். ஆதிகாலத்து வழக்கம்."

வேம்புலியம்மாள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்து, 'பக்தியில் மெய்மறந்த பெண்' என்று போட்டார்கள்.

அடுத்த வருடம் முதல் அதுவும் நாட்காட்டியில் ஏறியது. பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை கொடுத்தார்கள். மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி இங்கேயும் எட்டிப் பார்த்தது. மதுரைவீரன் கடையை மூடிவிட்டு, பள்ளம் பள்ளமாகக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் உத்தியோகத்தில் அமர்ந்தான். லாரி வருடத்துக்கு ஒரு நாள் தவறாமல் வந்தது. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் பெண்கள் பம்புக்கு நடந்தார்கள்.

1993இல் குடிநீர்க் குழாய் போடுவதாக ஒரு கடிதம் வந்தது. தெருவைத் தோண்ட வேண்டியிருப்பதாலும், தோண்டுவது பாரம்பரிய விதிக்கு முரணாவதாலும், குடியிருப்போர் சம்மதித்தால் விலக்கு அளிக்கப்படும் என்றிருந்தது. துலுக்கானம் பொதுக்குழுவைக் கூட்டினார்.

"பைப்பு வந்தா தோண்டுவான். தோண்டுனா பள்ளம் போயிடும். பள்ளம் போச்சுன்னா நம்மள எவன் மதிப்பான்?" என்று கேட்டான் மதுரைவீரன்.

ஞாயமான கேள்வி என்று ஆண்கள் தலையாட்டினார்கள். அந்த வருடச் சேலை என்ன நிறம் என்று பெண்கள் பக்கத்தில் பேச்சு நடந்தது. குழாய் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் துலுக்கானம்.

பம்பிலிருந்து நேராக வந்து, தலையில் குடத்தோடு கடைசியில் நின்றிருந்த வேம்புலியம்மாள் கை தூக்கினாள். ஒரு கை குடத்தில் இருந்தது, மற்றது மேலே இருந்தது. அவள் இறக்கவில்லை. துலுக்கானம் அவளைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது. அவர் குனிந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்:

'குழாய் வேண்டாமென ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. ஒரு பெண்மணி மட்டும் குடத்தைப் பிடித்துக்கொள்வதற்காகக் கையைத் தூக்கியிருந்தார்.'