மடுல்சீமை பஸ்ஸில் ஏறிய இரும்புக் கங்காணி

பதுளை டவுனில் மூணு மாடி ஹார்ட்வெயார் கடை கட்டியவன் நான். அந்தச் சரிவில் ஆட்டுக்கொட்டில்கூட நிக்காது என்றார்கள். கட்டினேன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீடுகளுக்கு மேலே, லொறி ஏறாத மேட்டில் கோயில் கட்டினேன். சீமெந்தைத் தலையில் சுமந்தோம். (சுமந்தது மற்றவர்கள். சுமக்க வைத்தது நான்.) அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன், மகள் சுகந்தியைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆக்கினேன். (அவளும் கொஞ்சம் படித்தாள்.) இத்தனை கட்டியவன் ஒரே ஒரு கூட்டத்தைக் கலைத்ததைத்தான் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.

போன வருஷம் ஊர் வாசகர் வட்டத்தார் சுகந்தியைப் பேச அழைத்தார்கள். 'விஞ்ஞானக் கதைகள் எங்கே பிறந்தன?' என்பது தலைப்பு. சொந்த ஊரில் அவளுக்கு அதுதான் முதல் மேடை. ராத்திரியெல்லாம் தூங்காமல் தயார் செய்திருந்தாள். மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து ஆசிரியர்களும் கொழுந்து பறிக்கும் பெண்களுமாக ஒரு பஸ் நிறைய ஆட்கள். மண்டபச் செலவு என்னுடையது. ஆகவே தலைமையும் என்னுடையது.

"அப்பா, அஞ்சே நிமிஷம். அவங்க கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"எனக்குத் தெரியாதா? நான் பார்க்காத கூட்டமா?"

விளக்கேற்றி, மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி (எனக்கு நானே வாங்கியது கொஞ்சம் பெரிசு), மைக்கைப் பிடித்தேன்.

"விஞ்ஞானக் கதை வெள்ளைக்காரன் நாட்டுல பொறந்துச்சுங்கிறாங்க. யாருங்க பார்த்தது? தெமோதரைக்கு வாங்க. ரயிலு ஒரு சுத்து சுத்தி அதே ஸ்டேசனுக்கு அடியில நுழையுது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கற்பனையைக் கப்பல்லயா இறக்கணும்?"

கைதட்டினார்கள். அதுதான் வினை. (கைதட்டல் கேட்டால் எனக்கு பிரேக் பிடிக்காது.)

இளவட்டத்தில் லயத்து ஆட்களுக்கு நான் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். ஒரு இரும்புக் கங்காணி. தூங்காது, மலைக்கு மேலே பறந்து வேலையாட்களைக் கண்காணிக்கும். பறக்கும் என்றேன், நம்பினார்கள். சுவரைத் தாண்டிப் பார்க்கும் என்றேன், அதையும் நம்பினார்கள். கொழுந்தைக் கிலோ குறைக்காமல் சரியாக நிறுக்கும் என்றேன். "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்டா" என்று எழுந்து போய்விட்டார்கள்.

மண்டபம் சிரித்தது. நான் கோயில் கட்டிய கதைக்குப் போனேன். அங்கிருந்து கடைக்கு. கதை இரண்டாம் மாடியில் நிற்கும்போது ஒரு ஆசிரியை எழுந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. மடுல்சீமை பஸ் போயிரும்."

மண்டபமே எழுந்து வாசலுக்கு நடந்தது. சுகந்தி இன்னும் வாயே திறக்கவில்லை. கையில் தாள்களோடு என்னைப் பார்த்தாள்.

"நீங்க மூணாவது மாடியையும் கட்டி முடிங்கப்பா. நான் அவங்களோட போறேன்."

பொன்னாடையும் மாலையுமாகப் பின்னால் ஓடி, நகர ஆரம்பித்த பஸ்ஸில் தொற்றினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை மட்டுந்தானா, பொண்ணும் வருதா?"

பசறை வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி சுகந்தி பேசினாள். விஞ்ஞானக் கதைக்கு ஒரே பிறந்த ஊர் கிடையாதாம். இங்கிலாந்து, வங்காளம், ஜப்பான் என்று இயந்திரம் வந்து இறங்கிய இடத்திலெல்லாம் யாரோ ஒருவர், "நாளைக்கு நம்ம கதி என்ன?" என்று யோசித்திருக்கிறார். நாளையைச் சொல்கிற சாக்கில் இன்றைய அநியாயத்தையும் சொல்லிவிட்டார்.

"இரும்புக் கங்காணி பறந்தது யாருக்கும் அதிசயமா படல. சரியா நிறுத்ததுதான் அதிசயமா பட்டுச்சு. ஏன்?"

கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்டக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த இரும்பு ஆளு என் வேலைக்கும் வந்துருமா மிஸ்?"

"வந்தா மிச்சக் காசைத் திருப்பிக் குடுக்குமா?" என்றார் பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா.

"குடுத்தா அது விஞ்ஞானக் கதை!" என்றார் ஆசிரியை. பஸ்ஸே குலுங்கியது. மிதிபலகையில் நின்ற தலைவருக்கு மட்டும் யாரும் இடம் கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் நான் தொண்டையைச் செருமினாலே என் மனைவி, "மடுல்சீமைக்குப் போறவங்க ஏறிக்கங்க" என்கிறாள். பேரப்பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் சுகந்தி அந்தப் பேச்சைப் புத்தகமாகப் போட்டிருக்கிறாள். முன்னுரையில் டிரைவருக்கு நன்றி, கண்டக்டருக்கு நன்றி. இரும்புக் கங்காணி 'லயத்துக் கதை ஒன்று' ஆகிவிட்டது. கதை சொன்னவனுக்குப் பெயர் கிடையாதா? போகட்டும், நான் நேரத்தோடு முடித்திருந்தால் இவள் பஸ்ஸில் ஏறியிருப்பாளா? மண்டபத்தில் பேசி, நாலு பேர் கொட்டாவி விட்டு, அதோடு போயிருக்கும். ஆகவே அடுத்த பதிப்பில் என் பெயர் வந்தாக வேண்டும். முழுப் பெயர். கண்டக்டருக்கு மேலே.