வேலிக்குள் விரட்டினேன்

மானைப் பாட்டில் மட்டும் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். மருண்ட பார்வை, துள்ளும் நடை என்றெல்லாம் எழுதிவைத்தவர்களில் ஒருவராவது ஒரு பாத்தி முட்டைக்கோவா நட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். நட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். மானுக்கு வாய் உண்டு. அந்த வாய்க்கு ஓய்வில்லை. விடிகாலைப் பனிப்புகார் விலகும்போது குருத்துக் குருத்தாகப் பார்த்துக் கடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் போனால் தலையை நிமிர்த்தி, ‘யாரிது, அழைக்காமல் வந்தது?’ என்பதுபோல ஒரு பார்வை பார்க்கும். (மருண்டது நான்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில், நிலக்கீழ் ரயில் ஓடிக் களைத்து நின்றுவிடும் வெஸ்ட்லியில் எங்கள் மாடி வீடு. லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால், காட்டோரமாக, ஒட்வார் என்ற கமக்காரரிடம் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தேன். பகலில் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. மிச்ச நேரமெல்லாம் அந்த மண். கோவா, பீட்றூட், சிவப்புத் தண்டுக் கீரை. நவராத்திரிக்கு மரக்கறி எடுக்கிறேன் என்று ஒஸ்லோவில் ஒரு தமிழ்க் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முந்திய வருடங்களின் விளைச்சலை மான்கள் எடுத்துவிட்டன. அதனால் என் கணவர் வசந்தத்திலேயே சொல்லிவிட்டார்.

“இஞ்சாரும், இந்த முறையும் மான்தான் அறுவடை செய்யுதெண்டால் காணியைத் திருப்பிக் குடுத்திடுவம். குனிஞ்சு குனிஞ்சு எனக்கு நாரி விட்டுப்போச்சு.”

“ஓம்” என்றேன். ஓம் என்று சொன்ன வாயைப் பூட்டியிருக்கலாம். இந்த நாட்டில் என் கைக்குப் பணிந்த ஒரே மண் அது. அதுவும் குத்தகை மண்.

ஆனி மாதத்தில் கீரை தளிர்த்தது. மான்களும் தளிர்த்தன. நேரே ஒட்வாரிடம் போனேன். (நாங்கள் கதைத்தது நொர்வேஜிய மொழியில். என் ஞாபகத்தில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள், ஒட்வார் உட்பட.)

“இந்த மானுகளைச் சுடுங்கோ.”

“இப்ப ஏலாது. வேட்டைக் காலம் தொடங்கேல்லை.”

“தின்னுற காலம் தொடங்கிட்டுதே.”

“யா, யா” என்றார் ஒட்வார். இந்த நாட்டில் துக்க வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள்.

“அப்ப நான் ஆரையாவது பிடிச்சுச் சுடுவிக்கிறன்.”

“அதுவும் ஏலாது. வேட்டை உரிமை காணிச் சொந்தக்காரருக்கு. குத்தகைக்காரருக்கு இல்லை. எனக்கும் தனிய இல்லை, என்ர காணி சின்னன். பக்கத்துக் காணிக்காரரோட சேர்ந்து கேட்டால்தான் கொம்யூன் இத்தனை மான் சுடலாம் எண்டு அனுமதி தரும்.” கொம்யூன் என்பது உள்ளூராட்சி மன்றம்.

“அப்ப இந்த மான் ஆற்ற சொத்து?”

“ஆற்றையும் இல்லை.”

“என்ர கோவாவைத் தின்னேக்க?”

“தின்னேக்கையும் ஆற்றையும் இல்லை.” கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர். “கோவா மட்டும் உம்மட.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இந்த மண்ணில் கால் ஊன்றி நிற்க அனுமதி வரும்வரை நான் எத்தனை பனிக்காலம் கடிதப்பெட்டியைப் பார்த்துக் கிடந்தேன். மான் ஒரு அலுவலகத்தின் வாசலிலும் நிற்கவில்லை. யாரும் அதனிடம் ‘ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்தா’ என்று கேட்கவில்லை. அது என் கோவாவின் நடுவே நிற்கிறது. அதைத் தொடுவதற்கு எனக்கு அனுமதி வேண்டும்.

“அழிவு கூடினால் காலத்துக்கு முதலே சுட கொம்யூன் விசேஷ அனுமதி தரும்” என்றார் ஒட்வார். “ஆனால் வேலி போட்டனீங்களோ, வெருட்டிப் பாத்தனீங்களோ எண்டு முதல்ல கேப்பினம்.”

வெருட்டிப் பார்த்தோம். என் கணவரின் கலியாணக் கோட்டைப் போட்டு ஒரு வெருளி நட்டேன். அடுத்த நாள் அதன் காலடியில் மான் படுத்தெழும்பிய தடம்.

“அந்தக் கோட்டைப் பாத்து நீரும்தான் பயப்படேல்லை” என்றார் இவர்.

வேலியும் போட்டோம். ஆளுயரத்துக்கு மேலே வலை வேலி, போக வர ஒரு படலை. காசு பாதியில் முடிந்ததால் வேலியும் பாதியில் முடிந்தது. கோவாவும் கீரையும் உள்ளே. பீட்றூட் வெளியே, மான்களின் தயவில். விசேஷ அனுமதி வரவில்லை. பாதி பிழைத்திருக்கிறதே, அது போதாதா என்று நினைத்திருப்பார்கள்.

செப்ரெம்பர் முடிய வேட்டைக் காலம் வந்தது. கடைக்கு மரக்கறி கொடுக்க ஒரு வாரம் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை வரச்சொன்னார் ஒட்வார். அவருடைய அயல் காணிக்காரர்கள் துவக்குகளோடு காட்டின் மறுகரையில் இடம்பிடித்து நிற்பார்கள். நாங்கள் என் வயல் பக்கமிருந்து காட்டுக்குள் நடந்து மான்களை அவர்கள் பக்கம் நகர்த்த வேண்டும். எனக்கும் இவருக்கும் செம்மஞ்சள் நிற மேற்சட்டைகள் தந்தார். நடுவில் ஒட்வார், இடப்பக்கம் இவர், வலப்பக்கம் நான்.

“மெதுவா நடவுங்கோ. கத்தக் கூடாது. இடைக்கிட ஒருக்கா இருமினால் காணும். மான் தானா எழும்பித் தன்ர பாதையில போகும். அவசரப்படுத்தினால் திரும்பிப் பாயும்.”

இருமுவதா? வன்னியில் ஐயாவின் வயலில் காட்டுப் பன்றி விரட்டி வளர்ந்தவள் நான். எங்கள் சத்தத்துக்குப் பன்றி மட்டுமில்லை, பக்கத்து வயல்காரரும் ஓடுவார். இந்தச் சனம் மானிடம் போய் மரியாதையாக இருமுகிறது. அதுதான் மான் இப்படிப் பெருத்துக் கிடக்கிறது என்று தீர்மானித்தேன். ‘ஒரு நிமிடம்’ என்று சொல்லிவிட்டு வேலிக்குள் ஓடினேன். தண்ணீர் அள்ளும் வெறும் பெயின்ற் ரின் ஒன்று அங்கே கிடந்தது. அதை ஒரு கையில் தூக்கி, மறுகையில் ஒரு தடியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு கையிலும் ஆயுதம். படலையை யார் சாத்துவது?

காட்டுக்குள் நடந்தோம். பூர்ச்ச மரங்கள் இலைகளைப் பொன்னாய்ச் சொரிந்துகொண்டிருந்தன. பாசியில் பாதம் புதையும் சத்தம்கூட இல்லை. தூரத்தில் என் கணவர் ஒருமுறை இருமினார். கலியாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவார்களா என்று பார்த்து இருமுவதுபோல ஒரு இருமல். எனக்குள் மூன்று வருடக் கோபம் முட்டி நின்றது. முன்னால் பற்றைக்குள் ஒரு வெள்ளைப் பிட்டம் அசைந்தது.

அடித்தேன். ரின் நெளிய நெளிய அடித்தேன். “ஓடு! தின்னிப் பண்டாரம், ஓடு! உனக்கு விசா தந்தது ஆரடி?” என்று தொடங்கியது, மானைத் தாண்டி, கொம்யூனைத் தாண்டி, என் வேலைத்தல மேலாளர்வரை போனது. அவ்வளவு தமிழை அந்தக் காடு அதற்குமுன் கேட்டிருக்காது.

மான்கள் எழும்பின. ஒரு கிடாய், ஒரு தாய், வளர்ந்த குட்டிகள். துவக்குகள் இருந்த பக்கம் ஒன்றும் போகவில்லை. திரும்பி, எனக்கும் ஒட்வாருக்கும் இடையால், காற்றை வெட்டிக்கொண்டு, நாங்கள் வந்த வழியே பாய்ந்தன. நான் வெற்றிக் களிப்பில் இன்னும் அடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். (இதை மகளுக்கு இவர் நடித்துக் காட்டுவார். பார்க்கச் சகியாது.)

காட்டை விட்டு வெளியே வந்தேன். பீட்றூட் வெறிச்சென்று கிடந்தது. வேலிக்குள் மட்டும் புழுதி பறந்தது. திறந்த படலைக்குள்ளால் எல்லாம் உள்ளே. வலையில் மோதி விழுந்து, எழும்பி, கோவாவுக்கு மேலால் ஓடி, கீரைக்கு மேலால் திரும்பி வந்து, மறுபடியும் மோதின.

ஒட்வார் மூச்சுவாங்கி வந்து நின்றார்.

“இப்பவாவது சுடச் சொல்லுங்கோ” என்றேன். “ஓட இடமில்லை. எல்லாம் நிக்குது.”

“ஓட இடமில்லாததைச் சுடுறது வேட்டை இல்லை” என்றார். குரல் உயரவில்லை. “வெளியில விட வேணும். அந்த ரின்னை நிலத்தில வையும். அசையாதேயும். கதையாதேயும்.”

வைத்தேன். நின்றேன். படலையை அகலத் திறந்துவிட்டு மூவரும் ஒதுங்கி, மரமாய் நின்றோம். மான்கள் மெல்ல மெல்ல அடங்கின. மூச்சுத் தணிந்தது. கிடாய் படலையைப் பார்த்தது. பிறகு, கடவுளே, குனிந்து ஒரு கோவாவைக் கடித்தது. மற்றவையும் குனிந்தன. என் விளைச்சல் என் கண்முன்னே நறுக் நறுக்கென்று போகிறது, நான் மூச்சுவிடவும் கூடாது. என் வாழ்நாளில் அதைப்போல வாய்மூடி நின்றதில்லை. சாப்பாடு முடிந்து, ஒவ்வொன்றாகப் படலையால் வெளியே வந்து, அவசரமில்லாமல் காட்டுக்குள் போயின.

“யா, யா” என்றார் ஒட்வார்.

இவர் வேலிக்குள் போனார். மிதிபட்ட கீரையில் நிமிரக்கூடியதை நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் நிமிரவில்லை. அந்த மாதமே காணியைத் திருப்பிக் கொடுத்தோம். நான் ஓம் சொன்னது சொன்னதுதானே.

இரண்டு கிழமை கழித்து ஒட்வார் வெஸ்ட்லிக்கு வந்து, கடதாசியில் சுற்றிய ஒரு மான் தொடையைத் தந்தார். அடுத்த வேட்டையில் கிடாய் விழுந்ததாம். அவர்கள் குழுவில், விரட்ட வந்த எல்லோருக்கும் ஒரு பங்கு உண்டாம். எப்படி விரட்டினார்கள் என்று பார்ப்பதில்லையாம். மிளகும் சரக்குத்தூளும் இட்டு, கோபம் தீருமட்டும் வறுத்தெடுத்தேன். என் கோவாவும் கீரையும் அந்த இறைச்சிக்குள்ளேதான் இருந்தன. அந்த வருடத்து அறுவடையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

போன மாதம் மகளின் புதுவீட்டுக்குக் குடிபூரல். வந்த சனமெல்லாம் உள்ளே வராமல் வாசல் பனியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மகள் கூப்பிட்டுக் களைத்துப்போய் இவரைப் பார்த்தாள்.

“அம்மாவை வாசலுக்கு அனுப்புங்கோ அப்பா. அவ ‘போங்கோ’ எண்டு ஒருக்கா விரட்டினா எல்லாரும் உள்ளுக்கு வந்திடுவினம்.”

வீடு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உங்களுக்குப் பகிடி, எனக்குக் காணி என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லாமல் வாசலுக்குப் போய், இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, “எல்லாரும் உங்கட உங்கட வீட்டை போங்கோ” என்று கத்தினேன்.

ஒருவர் மிச்சமில்லாமல் உள்ளே வந்தார்கள்.