மனேஜர் ஐயாவுக்குக் கட்டிய குருத்தோலை

அழுகையில் இரண்டு வகை உண்டு. துக்கத்துக்கு அழுவது ஒன்று, சந்தோஷத்துக்கு அழுவது மற்றது. பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகூட வித்தியாசம் சொல்லிவிடும். ஆளுயர மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் எந்தக் கெட்டிக்காரனும் ஏமாந்துபோவான். (நான் கெட்டிக்காரன் என்று சொல்ல வரவில்லை. என் மனைவி சுகந்தி இதை வாசிப்பாள்.)

நான் படுவான்கரை ஆள். வாவிக்கு மேற்கே, பழுகாமம். எங்கள் பக்கத்து வேலிகளில் ஆள் நுழைய ஒரு கடப்பு விட்டிருப்பார்கள். அதனால் கறிக்கிண்ணமும் போகும், கோழியும் போகும், கோழி யாருடையது என்ற சண்டையும் போகும். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்கும் நிறுவனமொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பட்டணத்துக்குச் சற்று வெளியே, வாவியோரமாக, பணக்காரத் தெரு ஒன்றில் மாடிவீட்டின் கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வந்தோம்.

அது முன்பு தென்னந்தோட்டமாம். கடல் வந்து போன பிறகு, கரையோரம் படுக்கப் பயந்த வசதியானவர்கள் அதை வாங்கி மாடிவீடுகளாக்கி, மதிலும் கட்டிக்கொண்டார்கள். காலையில் கேற்றுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், வாகனங்கள் பாலம் தாண்டிப் பட்டணத்துக் கந்தோர்களுக்கு வேலைக்குப் போகும், கேற்றுகள் மூடும். பொழுதுபட்டால் அதே வரிசையில் திரும்பி வரும். இடைப்பட்ட நேரத்தில் தெருவில் நாய்கள் மட்டுந்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி மனேஜரும், ஓய்வுபெற்ற ஆசிரியையான அவருடைய மனைவியும் இருந்தார்கள். டீச்சர் வெளியே வருவது குறைவு. மனேஜர் ஐயா கேற்றடியில் ஒரு செவ்விளநீர்க் கன்றை நட்டு, பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்து வந்தார். மூன்று வருடமாக எங்களுக்குள் நடந்த உரையாடல் முழுவதையும் கீழே தருகிறேன்.

“எப்பிடித் தம்பி?”

“இரிக்கன் ஐயா.”

அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. ஊர் முழுக்கக் கண்நோய். எனக்கும் வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு லீவில் வீட்டில் கிடந்தேன். முந்தின நாள்தான் மனேஜர் ஐயாவை நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு பேர் தாங்கி இறக்கியதைச் சுகந்தி கண்டிருந்தாள்.

காலை வாகனங்கள் எல்லாம் போய்த் தெரு அடங்கிய நேரம், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் அழுகை கேட்டது. சாதாரண அழுகை இல்லை, நெஞ்சிலடித்து அழுகிற அழுகை. சுகந்தி அகப்பையோடு ஓடி வந்தாள்.

“மனேஜர் ஐயா போயித்தார் போல. கண்ணத் துடைச்சித்துப் போயிப் பாருங்க.”

போனேன். கேற் உள்ளே பூட்டியிருந்தது. மணியை அழுத்தினேன், கரண்ட் இல்லை. கேற்றைத் தட்டினேன், அழுகைதான் கூடியது. வேறு ஆளாக இருந்தால் காத்து நின்றிருப்பான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவீட்டில் கேள்வி கேட்கக்கூடாது. அழுகிறவர்களைத் தொந்தரவு செய்யாமல் அயலவர்கள் தாங்களாகவே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அந்தத் தெருவில் அயலவன் என்று அப்போது இருந்தது நான் ஒருவன்தான். மூன்று வருடமாக எவருக்கும் உதவாமல் துருப்பிடித்துக் கிடந்த என் நல்ல மனது ஒரேயடியாக விழித்துக்கொண்டது.

வாசலில் முதலில் குருத்தோலை தொங்க வேண்டும். குருத்தோலைக்கு எங்கே போவது? மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது அந்தச் செவ்விளநீர்க் கன்று. கத்தியை எடுத்து வந்து, மதிலில் ஏறிக் குருத்தை அடியோடு வெட்டினேன். நல்ல காரியத்துக்கு ஒரு மடிப்பு, சாவுக்கு வேறு மடிப்பு. கண்நோய்க் கண்ணோடும் பிழையில்லாமல் சாவு மடிப்பே மடித்து, மனேஜர் ஐயாவின் கேற்றில் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை கட்டினேன். பிறகு தெரிந்த கடைக்குப் போன் எடுத்துக் ஆட்கள் இருக்கக் கதிரையும் நிழலுக்குத் தறப்பாளும் அனுப்பச் சொன்னேன். சுகந்தி சாவீட்டுக்கென்று பெரிய பானையில் சோறு வைத்தாள்.

மூன்றாவது வீட்டு இன்ஜினியரின் டிரைவர், அவரைக் கந்தோரில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், ஓலையைக் கண்டு வாகனத்தை நிறுத்தினார்.

“ஆரண்ணே?”

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். கண் இரண்டும் செம்பருத்தியாய்ச் சிவந்து, தண்ணீர் தாரைதாரையாக ஓடியது. (மருந்து விட்டுக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது.) “மனேஜர் ஐயா” என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவருக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

டிரைவர்மாருக்குள் செய்தி போகும் வேகத்தை நான் அறிந்திருக்கவில்லை. பொழுதுபட்டால் மட்டும் திரும்புகிற வாகனங்கள் ஒவ்வொன்றாகப் பாலம் தாண்டி வந்து நின்றன. சப்பாத்தைக் கழற்றிவிட்டு எல்லோரும் கதிரைகளில் குனிந்த தலையோடு இருந்தார்கள். “நீங்கதானே அந்தக் கடைசி வீடு?” என்று ஒருவரையொருவர் தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கேற் திறந்தது.

சாரனும் பெனியனுமாக மனேஜர் ஐயா நின்றார். அழுது வீங்கிய முகம். கதிரைகளைப் பார்த்தார், தறப்பாளைப் பார்த்தார், தலைக்கு மேல் தொங்கிய ஓலையைப் பார்த்தார்.

“ஆரு தம்பி செத்த?”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நீங்க, ஐயா” என்றேன்.

அத்தனை கதிரையும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டது. மனேஜர் ஐயா என்னை விட்டுவிட்டு மதிலோரம் மொட்டையாக நின்ற கன்றைப் பார்த்தார்.

“சரி, நான் செத்தது சரி. என்ட செவ்விளனிக் கண்டு என்னத்துக்குச் செத்த?”

இன்ஜினியர் கையால் வாயைப் பொத்தினார். எனக்கு அந்த இடத்திலேயே வாவியில் இறங்கிவிடலாம் போலிருந்தது. மனேஜர் ஐயா என் தோளைப் பிடித்தார்.

“மகன் போன்ல கோல் எடுத்தவன் தம்பி. வவுனியா முகாமில இரிக்கானாம். உசிரோட இரிக்கான்.”

அவர்களுக்கு ஒரு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது. வன்னியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனவன், யுத்தத்தில் பாதை பூட்டியதால் அங்கேயே அகப்பட்டவன். மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இந்தப் பக்கம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைக்க அழுகை வந்தது. இந்தமுறை மருந்தால் வந்த கண்ணீர் இல்லை.

இன்ஜினியர் ஓலையை அவிழ்க்கப் போனார். டீச்சர் வாசலுக்கு வந்து தடுத்தார்.

“அது கிடக்கட்டும். இருக்கிற ஆளைச் செத்ததெண்டு சொன்னா ஆயுள் கூடும். எல்லாரும் உள்ள வாங்க. இந்த வீட்டுக்கு இவ்வளவு ஆக்கள் வந்ததே இல்ல.”

கதிரைகள் உள்ளே போயின. சாவீட்டுச் சோறு அப்படியே விருந்துச் சோறாகியது. டீச்சர் ரவையைக் கிண்டிக் கேசரி ஆக்கினார். இன்ஜினியர் வீட்டு அலுமாரியில் கடல் கொண்டுபோன ஒரு மகளின் படம் இருப்பதை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். கடைசி வீட்டு அம்மா எங்கள் பழுகாமத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவரும் திரும்பக் கந்தோருக்குப் போகவில்லை.

அடுத்த கிழமை மனேஜர் ஐயா மேசனைப் பிடித்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலில் ஆள் நுழையுமளவுக்கு உடைப்பித்தார். வீட்டுச் சொந்தக்காரரிடம் அவரே கதைத்துச் சம்மதம் வாங்கியிருந்தார்.

“என்ன ஐயா இது?”

“கடப்பு. மறுகா ஓலை கட்டுறதெண்டா இதால வந்து, ஆள் செத்தானா எண்டு பாத்தித்துக் கட்டு.”

மகன் ரமணன் சில மாதங்கள் கழித்து வீடு வந்தான். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. வந்த அன்றே கடப்பால் நுழைந்து என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் பழைய இடத்தில் புதுச் செவ்விளநீர்க் கன்று வைத்தான். அது இப்போது குலை குலையாகக் காய்க்கிறது. இளநீர் வெட்ட மட்டும் அந்த வீட்டில் என் கையில் கத்தி தருவதில்லை.

நாங்கள் வேறு வீடு பார்க்கவில்லை. சம்பளம் கூடியபோதும், நிறுவனம் மூடி வேறு வேலைக்குப் போனபோதும் அந்தக் கீழ்த்தளத்திலேயே இருந்துவிட்டோம். மனேஜர் ஐயாவுக்கு இப்போது நன்றாக வயதாகிவிட்டது, காதும் மந்தம். ஆனாலும் காலையில் தடியை ஊன்றிக் கடப்படிக்கு வந்து குரல் கொடுப்பார்.

சில நாட்களில் அந்தக் குரல் சற்றுப் பிந்தும். அப்போது நான் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, வாய் நிறைய நுரையோடு கடப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சுகந்தியும் அடுப்படி ஜன்னலுக்கு வந்துவிடுவாள். தடி தட்டுகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு இருமல், அதற்குப் பிறகுதான் அவர்.

“தம்பி, இண்டைக்கும் இரிக்கன். ஓலை வேணாம்.”